குடும்பிகல: உகந்தைக்குப் போகிறவர்கள் ஒருக்கா ஏறிப் பாருங்கள்

ஆடி பிறந்தால் மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் வான் பிடித்து உகந்தைமலை முருகனிடம் போகாத ஊர் குறைவு. ஆனால் பாணமை தாண்டி அதே காட்டு ரோட்டில் இருக்கிற குடும்பிகல மலையில் ஏறிய நம் ஆட்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கேட்டால் "அது பன்சலைதானே" என்பார்கள். பன்சலைதான், அதாவது பௌத்த விகாரை, பிக்குகள் காட்டுக்குள் தவமிருக்கிற ஆரண்யம். அதனால் என்ன, மலை எல்லாருக்கும் மலைதான்.

ஏற்றம் பெரிய தூரமில்லை. நடந்து பழகியவருக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் உச்சி. முதல் பாதி நல்ல நிழல், பெரிய பெரிய பாறைகளுக்கு இடையால் பாதை போகும், நடுவில் குகைகள் வரும். அவசரப்படாமல் குகையின் நெற்றியை அண்ணாந்து பாருங்கள், மழைத்தண்ணி உள்ளே வழியாமல் வெளியே சொட்டுவதற்காகக் கல்லில் நீளமாக ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள். இந்தப் பக்கத்துக் குகைகளில் பிராமி எழுத்துக் கல்வெட்டுகளும் உண்டு, அதாவது இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

அப்புறம்தான் விஷயம். காடு முடிந்து மொட்டைப் பாறை தொடங்கியதும் சரிவு சட்டென்று நிமிர்ந்துவிடும். பாறையிலேயே வெட்டிய படிகள், ஆழம் குறைவு, பாதம் முழுதாகக் கொள்ளாது. ஏறுவது பரவாயில்லை, இறங்கும்போது கீழே பார்த்தால் முழங்கால் லேசாக ஆடும், வெட்கப்படாமல் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். மாரியில் கல் நனைந்து கிடந்தால் ஏறவே வேண்டாம். சின்னப் பிள்ளைகளையும் முழங்கால் வருத்தம் உள்ள பெரியவர்களையும் குகையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உச்சியில் ஒரு தாதுகோபம், அதாவது பௌத்த தூபி. மற்ற இடங்களில் பார்க்கிற குமிழ் வடிவம் இல்லை, உருளையாக நிமிர்ந்து நிற்கும். அதற்குக் கிட்டப் போகச் செருப்பைக் கழற்ற வேண்டும், வெயில் ஏறிவிட்டால் அந்தக் கல்லில் வெறுங்கால் வைக்க முடியாது, ஒரு சோடி காலுறை கொண்டு போனால் தப்பிக்கலாம். சுற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் கடல், களப்பு, மற்றப் பக்கமெல்லாம் காடு, காட்டுக்குள்ளிருந்து எழும்பி நிற்கிற பாறைகள். தெற்கே தெரிகிறது குமண தேசிய வனம். உகந்தையிலிருந்து பாதயாத்திரைக்காரர் கதிர்காமத்துக்கு நடந்து போகிற காடு அதுதான். அம்மம்மா காலத்துக் கதையில் மட்டும் கேட்ட அந்தக் காட்டை மேலிருந்து பார்க்கும்போது, இவ்வளவையும் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டா கடந்தார்கள் என்று தோன்றும். குமணயில் ஜீப் சஃபாரிக்குக் கொடுக்கிற காசுக்கு இப்படியொரு பார்வை கிடைக்காது, யானை பார்க்கிற ஆசைக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

குறை என்றால் மலையில் இல்லை, வருகிற சிலரில்தான். தியானம் செய்கிற இடத்தில் போனில் பாட்டு எதற்கு? சோடாப் போத்தலைப் பாறை இடுக்கில் செருகிவிட்டுப் போகிற கூட்டம் வேறு. உடுப்பும் தோளையும் முழங்காலையும் மூடியதாக இருக்கட்டும்.

மட்டக்களப்பிலிருந்து வருகிறவர்கள் ஏ4 வீதியில் பொத்துவில் வரை வந்து, அறுகம்பே பாலம் தாண்டிப் பாணமைக்குப் போக வேண்டும். முதல்நாளே பொத்துவிலில் தங்கிவிட்டு வெள்ளெனப் புறப்படுவதுதான் புத்தி. தண்ணி, சாப்பாடு எல்லாம் பாணமையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், தமிழும் சிங்களமும் கலந்த ஊர், வழி கேட்கவும் கஷ்டமில்லை. பின்னேரம் ஏறி சூரியன் விழுவதைப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் அதைக் கேட்காதீர்கள், இருட்டினால் அந்த ரோட்டில் யானை நிற்கும்.