சுவரில் அடைபட்ட வளைவு: ஜார்ஜ்டவுனில் ஒரு படவிளக்க உரை

சென்ற சனிக்கிழமை மாலை பினாங்கின் ஜார்ஜ்டவுனில், ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர், இங்கிலாந்தின் யார்க்‌ஷியர் வட்டாரத்தில் கைவிடப்பட்டுக் கிடக்கும் வார்ரம் பெர்சி என்ற இடைக்காலக் கிராமத்தைப் பற்றித் தாம் எடுத்த படங்களுடன் உரையாற்றினார். நுழைவுக் கட்டணம் 10 வெள்ளி. எனக்குக் கிடைத்ததோ அதற்குப் பன்மடங்கு.

அங்கே இன்று எஞ்சியிருப்பவை பள்ளத்தாக்கில் கூரையிழந்து நிற்கும் செயின்ட் மார்ட்டின் தேவாலயமும், மேட்டில் புல் மூடிய வீட்டுத் தடங்களும்தான். குடிகள் பெருகிய 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் தேவாலயத்தின் இருபுறமும் பக்கக் கூடங்களைச் சேர்த்துக் கட்டியவர்கள், ஊர் சுருங்கிய பிறகு அவற்றை இடித்து, நடுவிலிருந்த வளைவுகளைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அந்தச் சுவரின் படத்தை நெடுநேரம் திரையில் நிறுத்திய ஆசிரியை, அடைபட்ட வளைவின் விளிம்பை ஒரு குச்சியால் மெல்லத் தொட்டுக்கொண்டே போனார். ஓர் ஊரின் வளர்ச்சியையும் தேய்வையும் ஒரே சுவரில் படிக்கலாம் என்பதை அப்போதுதான் கண்டேன்.

ஊரை அழித்தது 1348-49 கொள்ளைநோய் என்றே நினைத்திருந்தேன். அதற்குப் பின்னும் ஏறத்தாழ 150 ஆண்டுகள் அங்கே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். உழவைவிட ஆட்டுக் கம்பளியில் வருமானம் மிகுந்ததால், 1500-ஐ ஒட்டி நிலவுடைமையாளர் கடைசிக் குடும்பங்களையும் வெளியேற்றி, நிலத்தை மேய்ச்சலுக்கு விட்டுவிட்டார். சுற்றியிருந்த கிராமத்தார் தொடர்ந்து வந்து வழிபட்டதால் தேவாலயம் மட்டும் பிழைத்தது.

"எங்க தோட்டத்துலயும் இதேதாம்மா. லயத்த இடிச்சுட்டாங்க, மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவுல நிக்குது" என்றார் பக்கத்து இருக்கைப் பெரியவர். லயம் என்பது தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகள். எனக்குத் தொண்டை அடைத்தது. வரலாற்றாய்வாளர் மோரிஸ் பெரஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட்டும் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் தன்னார்வலர்களைக் கூட்டி வார்ரம் பெர்சியில் அகழாய்வு செய்தார்கள். அவர்கள் தோண்டத் தொடங்கிய காலத்தில்தான் இங்கே பெரிய தோட்டங்களைத் துண்டுகளாக்கி விற்ற தோட்டத் துண்டாடலில் நம் குடியிருப்புகள் கலைந்தன. நான் பிறந்த தோட்டத்து லயங்களை யாரும் அளந்து வைக்கவில்லை.

கிராம வரைபடத்தின் எழுத்துகள் பின்வரிசைக்குத் தெரியவில்லை. அதை அச்சிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கேள்விகளுக்கு ஒதுக்கிய பத்து நிமிடமும் போதவில்லை. அடுத்த மாதம் இதே உரை மீண்டும் நடக்கிறது. தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்துச் சென்று, முன்வரிசையில் அமர வையுங்கள்.