பந்து தைக்கும் கடை

ஏற்காட்டில் எஸ்டேட் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த ஃபுட்பால் டீம் எங்களுடையது. அப்பா காலத்தில் தோல் பந்து. மழையில் நனைந்து கனத்துவிட்டால், தலையால் முட்டினவனுக்கு அன்று ராத்திரி சோறு இறங்காதாம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் இந்தக் கடையில்தான் தைத்து வாங்குவார்கள். போன மாதம் நானும் போனேன். பெரியவர் மெழுகு நூலை இரண்டு ஊசியில் கோத்து எதிரெதிரே இழுத்துத் தைத்தார். பந்துக்குள் இருக்கும் காற்றுப் பையான பிளாடரை மாற்றி, காற்றடித்துத் தராசில் வைத்தார்: 430 கிராம். விதிப்படி 410க்கும் 450க்கும் நடுவில் இருக்கணும், சரி. கூலி 150 ரூபாய். குறை என்றால், சொன்ன நாளுக்கு நான்கு நாள் தாமதம். ஞாயிற்றுக்கிழமை மேட்சை இரவல் பந்தில் ஆடினோம். அப்புறம், கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் பழைய குரூப் போட்டோவில் மூன்றாவது ஆள் அப்பா. தொளதொள டவுசர், வெறுங்கால்.