ஆற்றங்கரைப் பெருங்குடிகாரர் யார்: காட்டன்வுட்டா, டாமரிஸ்கா?

கரையில் நிற்கும் மரம் ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கும் என்று நினைக்கத் தோன்றும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ரெட் பியூட் பள்ளத்தாக்கில் டாசன், ஏலரிங்கர் என்ற இரு ஆய்வாளர்கள் தண்டு நீரின் ஹைட்ரஜன் ஐசோடோப்புகளை (எடை மாறுபட்ட ஹைட்ரஜன் அணுக்களை) ஆராய்ந்து 1991இல் வெளியிட்ட முடிவு வேறு. ஓடையை ஒட்டி நின்ற முதிர்ந்த மரங்கள் ஓடை நீரை ஏறக்குறையத் தொடவே இல்லை. ஆழத்து நீரைத்தான் எடுத்தன. இளமரங்களே ஓடையை நம்பியிருந்தன. ஆகவே இந்தப் போட்டிக்கு நடுவர் ஆறு அல்ல, நிலத்தடி நீர்மட்டம்.

அரிசோனாவின் சான் பெட்ரோ ஆற்றோரம் ஓங்கி நிற்கும் ஃப்ரீமான்ட் காட்டன்வுட் அந்த மண்ணின் மரம், பாப்லர் இனம். டாமரிஸ்க் என்ற புதர்மரம், 19ஆம் நூற்றாண்டில் அழகுக்கும் கரை அரிப்பைத் தடுக்கவும் யூரேசியாவிலிருந்து வந்தது.

சுமார் 3 மீட்டருக்குள் தண்ணீர் இருந்தால் காட்டன்வுட்டுக்கு ராஜபோகம். கொளுத்தும் வெயிலிலும் இலைத்துளைகளைத் திறந்துவைத்துத் தாராளமாகச் செலவழிக்கும். நீர்மட்டம் இறங்கினாலோ, தண்டின் நீர்க்குழாய்களில் காற்று புகுந்து ஓட்டம் அறுபடும். உடனே சில கிளைகளைக் காயவிட்டு மீதியைக் காப்பாற்றிக்கொள்ளும். உச்சி மொட்டையான காட்டன்வுட்டைக் கண்டால், பக்கத்தில் எங்காவது ஆழ்குழாய்க் கிணறு ஓடுகிறதா என்று விசாரிக்கலாம்.

டாமரிஸ்க் சிக்கனக்காரர் அல்ல. கிடைத்தால் குடிக்கும், கிடைக்காவிட்டால் தாங்கும். மேல்மண் ஈரத்திலும் காலம் தள்ளும். உப்பு நீரைக் குடித்து, இலைச் சுரப்பிகள் வழியே உப்பைத் துப்பிவிடும்.

ஒரு டாமரிஸ்க் நாளுக்கு 200 கேலன், அதாவது சுமார் 750 லிட்டர் உறிஞ்சுகிறது என்ற கதை பல்லாண்டு உலவியது. அளந்து பார்த்தபோது உள்ளூர் மரங்கள் செலவழிக்கும் அளவுதான் வந்தது. பேக்கோஸ் ஆற்றங்கரையில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் அழித்தும் ஆற்றில் தண்ணீர் கூடியதாகத் தெரியவில்லை. நம் ஊர் சீமைக்கருவேலத்தைப் பற்றிய பேச்சுகள் நினைவுக்கு வருகின்றன. அதன் நெருங்கிய உறவான வெல்வெட் மெஸ்கீட் சான் பெட்ரோ கரையில் மண்ணின் மைந்தன் என்பது வேடிக்கைதான்.

உண்மையான போட்டி குடிப்பதில் இல்லை, முளைப்பதில். பனியுருகு வெள்ளம் வடியும் வசந்தத்தில் காட்டன்வுட் பஞ்சோடு விதைகளைப் பறக்கவிடும். அவற்றின் ஆயுள் சில வாரங்களே. வெள்ளம் கழுவிவிட்ட ஈர வண்டலில் விழ வேண்டும். அதன் பிறகு நீர்மட்டம் நாளுக்குச் சுமார் 2.5 செ.மீ.க்கு மேல் இறங்கினால் கன்றின் வேரால் துரத்திப் பிடிக்க முடியாது. டாமரிஸ்க்கோ கோடை முழுக்க விதை தூவும். ஹூவர், க்ளென் கேன்யன் அணைகள் கொலராடோ ஆற்றின் வசந்த வெள்ளத்தை அடக்கியபோது யாருக்கு வழி திறந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2014இல் அமெரிக்க-மெக்ஸிகோ எல்லையிலுள்ள மொரேலோஸ் அணை வழியாக எட்டு வாரங்களில் சுமார் 13 கோடி கன மீட்டர் நீரை கொலராடோ கழிமுகத்துக்குத் திறந்துவிட்டார்கள். டாமரிஸ்கை முன்பே அகற்றி வெற்று மண்ணாக வைத்திருந்த இடங்களில்தான் உள்ளூர்க் கன்றுகள் நன்றாகப் பிடித்தன.

வெள்ளம் வரும் கரை என்றால் என் ஓட்டு காட்டன்வுட்டுக்கு. நீர்மட்டம் இறங்கி உப்பேறிய கரையில் டாமரிஸ்கை விட்டுவைப்பேன். அழியும் நிலையிலுள்ள தென்மேற்கு வில்லோ ஈப்பிடிப்பான் அதில் கூடு கட்டுகிறது. டாமரிஸ்கைத் தின்னும் வண்டுகளை விடும் திட்டத்தை அமெரிக்க வேளாண் துறை 2010இல் நிறுத்தியது அந்தச் சிறு பறவைக்காகத்தான்.