சமர்ப்பணப் பக்கத்தைத் தொலைக்காத பைண்டிங் கடை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மண்டிகளுக்குப் பேரேடும் பில் புக்கும் கட்டிக்கொடுக்கும் சின்னக் கடை இது. பிறந்த ஊரை விட்டு வேறு நாடுகளில் வாழ்ந்து எழுதிய எட்வர்ட் சயீத், எக்பால் அகமது, அ. சிவானந்தன் என்று சேர்த்துவைத்து, முதுகு விட்டுப்போன பேப்பர்பேக்கும் ஜெராக்ஸ் கட்டுமாக அலமாரியை நிரப்பியிருப்பவர்களுக்காகத்தான் இந்த விமர்சனம். பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போட வேறு கடைகளே போதும்.

பேப்பர்பேக்கில் முதலில் கழன்று விழுவது முன்பக்கத் தாள்கள்தான். அட்டையை மடக்கும்போதெல்லாம் இழுபடுவது அங்கேதான். அந்தத் தாள்களில் பக்க எண் அச்சாகியிருக்காது. அதனால் பைண்டர்கள் அவற்றை வெற்றுத்தாளாக நினைத்து எடுத்துப்போடுவதுண்டு. இல்லாவிட்டால் பசை தடவிப் புது அட்டையோடு ஒட்டிவிடுவார்கள். வேறு புத்தகம் என்றால் போகட்டும் என்று விடலாம், இவர்களுடைய புத்தகங்களில் முடியாது. ஊரைவிட்டுப் போனவர்கள் ஒருவரையொருவர் எப்படித் தாங்கினார்கள் என்பதற்குச் சாட்சி அந்த நாலு தாளில் இருக்கிறது.

சயீதின் 'ஓரியண்டலிச'த்தை (1978) எடுத்துக்கொள்ளுங்கள். ஜேனட்டுக்கும் இப்ராஹிமுக்கும் என்று சமர்ப்பணம். அவ்வளவுதான், குடும்பப் பெயர்கூடக் கிடையாது. தாள் தனியாகக் கிடந்தால் யார் எவர் என்றே தெரியாது. இப்ராஹிம் அபு-லுகோத் 1948-இல் யாஃபாவை விட்டு ஓடவேண்டி வந்த பாலஸ்தீனர், ஜேனட் அவர் மனைவி, நகரவியல் அறிஞர். 1967 அரபு-இஸ்ரேல் போருக்குப் பிறகு, அரபியரை மேற்கு எப்படிச் சித்திரிக்கிறது என்று எழுதித் தரச் சொல்லி சயீதிடம் கேட்டு வாங்கியவர் இப்ராஹிம். புத்தகத்தின் விதை அந்தக் கட்டுரைதான். அவர் 2001-இல் ராமல்லாவில் இறந்தார், அடக்கம் யாஃபாவில் நடந்தது. 1993-இல் வந்த 'கலாச்சாரமும் ஏகாதிபத்தியமும்' நூலை சயீத் எக்பால் அகமதுக்குச் சமர்ப்பித்தார். பீகாரில் பிறந்து, 1947-இல் பாகிஸ்தான் போய், அமெரிக்காவில் படித்துப் பாடம் நடத்தியவர் எக்பால். வியட்நாம் போரை எதிர்த்ததற்காக, அமெரிக்க அதிபரின் ஆலோசகர் கிஸ்ஸிங்கரைக் கடத்தச் சதி செய்ததாக அவர்மேல் வழக்குப் போட்டார்கள். 1972-இல் ஜூரிக்குள் ஒத்த முடிவு வராமல் சதிக் குற்றச்சாட்டு நிற்காமல் போயிற்று.

கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: எண் இல்லாத ஒவ்வொரு தாளுக்கும் கீழ்மூலையில் ஹெச்.பி. பென்சிலால் 1, 2, 3 என்று போடுங்கள். பால்பாயிண்ட் வேண்டாம், பின்பக்கம் தெரியும். கடைக்காரர் அந்த எண்ணைப் பார்த்து அடுக்குகிறார். அட்டைக்கும் புத்தகத்துக்கும் நடுவில் வைக்கும் முகப்புத் தாளை முதல் பக்கத்தின்மேல் முழுக்க ஒட்டாமல், முதுகோரம் 3 மில்லிமீட்டர் மட்டும் பசை வைக்கிறார். சமர்ப்பணப் பக்கம் தாராளமாகத் திறக்கிறது. இந்த ஒரு காரியத்துக்கே இந்தக் கடையைச் சிபாரிசு செய்யலாம்.

தையல் விஷயத்தில் பேரேட்டுப் பழக்கம் குறுக்கே வருகிறது. ஒன்றும் சொல்லாமல் கொடுத்தால் ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி மூன்று ஓட்டை போட்டுக் குத்துத் தையல் போட்டுவிடுவார். பேரேட்டுக்கு அது சரி, உள்ளோரத்தில் இடம் விட்டிருப்பார்கள். ஜெராக்ஸில் உள்ளோரத்து எழுத்து தையலுக்குள் போய்விடும், புத்தகமும் மல்லாந்து படுக்காது. மடித்த தாள்கட்டுகளை ஃபாரம் ஃபாரமாகத் தைக்கவும் வழியில்லை. பசை வைத்த பேப்பர்பேக்கில் மடிப்பை ஆலையிலேயே சீவிவிட்டிருப்பார்கள், ஊசி கோக்க மடிப்பே இருக்காது. கேட்க வேண்டியது 'விசிறிப் பசை'. பழைய பசையைச் சுரண்டிவிட்டு, தாள்களை ஒருபக்கம் விசிறிபோலச் சாய்த்து வெள்ளைப் பசை தடவி, மறுபக்கம் சாய்த்து இன்னொரு தடவை. பிறகு முதுகின் குறுக்கே 2 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்தில் ரம்பக் கீறல் போட்டு நூலைப் பதிக்க வேண்டும். கடைக்காரருக்கு இது தெரியும், கேட்டால்தான் செய்வார்.

எக்பாலின் தொகுப்புக்கு இதுவும் போதாது. அவர் உயிரோடு இருந்தபோது பெரிய புத்தகமாக எதையும் எழுதிவைக்கவில்லை. எல்லாம் பத்திரிகைக் கட்டுரை, பேச்சு, பேட்டி. இஸ்லாமாபாத்தில் கல்தூனியா என்ற பல்கலைக்கழகம் கட்ட நினைத்தார், அது எழவேயில்லை. 1999-இல் அவர் இறந்தபின் நண்பர்கள்தான் பொறுக்கிச் சேர்த்தார்கள். 2000-இல் பேட்டி நூல் வந்தது, சயீத் முன்னுரை. 2006-இல் மூன்று பேர் தொகுத்த கட்டுரைத் திரட்டு, சாம்ஸ்கி முன்னுரை. திரட்டு 600 பக்கத்துக்கு மேல். இவ்வளவு கனத்துக்கு முதுகைத் தட்டி உருட்டாவிட்டால், ஆறே மாதத்தில் நடுப்பக்கங்கள் முன்னால் பிதுங்கும். கடையில் உருட்டுவதற்குத் தனிக்கூலி கேட்கிறார்கள், கொடுத்துவிடுங்கள்.

சிவானந்தன் ஆசிரியராக இருந்த 'ரேஸ் அண்ட் கிளாஸ்' இதழ்களைக் கட்டக் கொடுப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். பைண்டர்கள் இதழ்களின் அட்டையைக் கழற்றிவிட்டு உள்பக்கத்தை மட்டும் கட்டுவது வழக்கம். பெரிய நூலகங்களிலேயே அப்படி நடக்கிறது. அட்டைத்தாளோடு ஆசிரியர் குழுப் பட்டியலும் போய்விடும். சிவானந்தன் யாழ்ப்பாணத் தமிழர். 1958 கலவரத்தோடு கொழும்பை விட்டு லண்டன் போனால், அங்கே நாட்டிங் ஹில்லில் கறுப்பர்களுக்கு எதிரான கலவரம். 1964-இல் இனவுறவு நிறுவனத்தில் நூலகரானார். 1972-இல் ஊழியர்களும் உறுப்பினர்களும் நிர்வாகத்தின் பிடியிலிருந்து அந்த நிறுவனத்தைப் பிடுங்கினார்கள். அந்த நிறுவனத்தின் 'ரேஸ்' என்ற இதழ் 1974-இல் 'ரேஸ் அண்ட் கிளாஸ்' ஆயிற்று. எக்பால் அதன் ஆசிரியர்களில் ஒருவர். சயீத் தன் ஓரியண்டலிச வாதத்தைத் திரும்பிப் பார்த்து எழுதிய கட்டுரை 1985-இல் இதே இதழில்தான் வந்தது. யாரோடு யார் சேர்ந்து நின்றார்கள் என்பது அந்தப் பெயர்ப் பட்டியலில்தான் தெரிகிறது. 'அட்டையோடு சேர்த்துக் கட்டுங்க' என்று ஒவ்வொரு இதழிலும் சீட்டு வையுங்கள். வாயால் சொன்னது கட்டிங் மெஷின்காரர் வரை போய்ச் சேராது. மூன்று பக்கமும் வெட்டுவதையும் அதே சீட்டில் தடுத்துவிடுங்கள், ஓரத்தில் பென்சில் குறிப்பு இருந்தால் வெட்டில் போய்விடும்.

கலிக்கோத் துணியை அட்டையில் ஒட்டக் கடையில் மைதாப் பசைதான். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், பூச்சிக்குக் கொஞ்சம் மயில்துத்தம். சேலம் வெயிலுக்குப் பரவாயில்லை. ஏற்காட்டுக்குப் போகும் புத்தகம் என்றால் மைதா வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பனி இறங்கும் மாதங்களில் மாவுப் பசை ஈரத்தை இழுத்துப் பூஞ்சை பிடிக்கும், பின்னாலேயே வெள்ளிப்பூச்சி வரும். வேறு பசைக்குக் கூடுதலாக 40 ரூபாய் ஆகிறது. சாதாரணக் கலிக்கோ பைண்டிங் 250. பத்து நாள் என்று சொல்லிப் பதினைந்து ஆக்குகிறார்கள். அவசரப்படுத்தாதீர்கள், ஒரு நாள் முழுக்க அழுத்தத்தில் இருக்காத அட்டை வளைந்துகொள்ளும்.

நாடுகடந்த வாழ்வைப் பற்றி சயீத் 1984-இல் எழுதிய கட்டுரை சில பக்கம்தான், அதற்குப் பைண்டிங் தண்டம். நடுவில் இரண்டு பின் போதும். பெய்ரூட்டில் ஒரு மங்கலான உணவகத்தில் உருதுக் கவிஞர் ஃபைஸ் கவிதை சொல்லச் சொல்ல, எக்பாலும் அவரும் சயீதுக்காக மொழிபெயர்த்துக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நிறுத்திவிடுகிறார்கள், அதற்குமேல் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை என்ற இடம் அதில் வருகிறது. ஜெராக்ஸில் அந்தப் பத்தி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதுகில் பொன்னெழுத்து ஒரு வரிக்கு 30 ரூபாய். தமிழ் எழுத்தும் உண்டு. ஆனால் அவர்களுடைய பித்தளை எழுத்துப் பெட்டியில் ஆய்த எழுத்து இல்லை. ஃபைஸ் கவிதைகளைக் கட்டக் கொடுத்தால் 'பைஸ்' என்றுதான் வரும்.