ஆண்டு 1984, பெயர் 1941: பெரியமேட்டில் வாங்கிய ஒரு பில்பாவோ ஜெர்சி

நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய பெரியமேட்டுக் கடைகளைப் பற்றி, சென்னையில் பள்ளி அணிக்காவது பந்து உதைத்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அங்குள்ள ஒரு சிறிய கடையில், 'ரெட்ரோ' என்று அட்டை மாட்டிய கம்பியில், பிரேசில், அர்ஜென்டினா ஜெர்சிகளுக்கு நடுவே 'பில்பாவோ 1984' என்று ஒன்று தொங்குவதைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பார்சலோனாவும் ரியல் மாட்ரிட்டும் அங்கே கடைக்குக் கடை கிடைக்கும். ஸ்பெயினின் வட கோடியில், பாஸ்க் நாட்டுப் பகுதியில் உள்ள பில்பாவோ நகரத்து அத்லெடிக் கிளப்பை நான் பெரியமேட்டில் பார்த்தது இதுவே முதல் முறை. ஜெர்சி 480 ரூபாய், ஷார்ட்ஸ் 220 ரூபாய் என்றார்கள். பேசியதில் இரண்டும் சேர்த்து 650க்கு முடிந்தது. அக்கா மகன் அதை வியாசர்பாடியில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களுக்கு அணிந்து, வீட்டில் ஐந்து முறை துவைத்த பிறகே இதை எழுதுகிறேன்.

துணி, இந்தத் தொழிலில் 'டாட் நிட்' என்று சொல்லப்படும், பொடிப் புள்ளிகளாகப் பின்னப்பட்ட பாலியெஸ்டர். காலை எட்டு மணிக்கே முதுகோடு ஒட்டிக்கொள்ளும் ரகம் அல்ல; வியர்வையில் நனைந்தாலும் சீக்கிரம் உலர்ந்துவிடுகிறது. உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் முழுவதும் வெள்ளை, அதாவது சிவப்புக் கோடுகள் நூலில் இல்லை, வெள்ளைத் துணியின் மேல் சப்ளிமேஷன் முறையில் அச்சிடப்பட்டவை. இந்த விலைக்கு அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஐந்து துவைப்புக்குப் பிறகும் சாயம் மங்கவில்லை. ஆனால் வெட்டித் தைத்தவர் அவசரக்காரர். வலது விலாத் தையலில் இரண்டு சிவப்புக் கோடுகள் ஒன்றுசேர்ந்து நான்கு விரல் அகலத்துக்கு ஒரே பட்டையாகிவிட்டன. இடது பக்கத்தில் அதே அளவுக்கு வெள்ளை விழுந்திருக்கிறது. கழுத்துப் பட்டியில் எல் என்று போட்டிருப்பது உடம்பில் எம் அளவுக்குத்தான் வருகிறது, எனவே ஒரு சைஸ் கூட்டி வாங்குவது நல்லது.

துணியை இத்துடன் விட்டுவிடலாம். ஓர் ஆண்டின் பெயரைச் சொல்லி விற்கும் ஜெர்சிக்கு நாம் கொடுக்கும் காசில் ஒரு பங்கு அந்த ஆண்டுக்காகக் கொடுப்பது. ஆகவே அந்த ஆண்டு அதில் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்ப்பதும் தையலைப் பார்ப்பது போலத்தான்.

முதல் சிக்கல் ஷார்ட்ஸில் எழுந்தது. கடையில் இருந்த தம்பி நீல நிற ஷார்ட்ஸை எடுத்து ஜெர்சியோடு மடித்து வைத்தார். பில்பாவோவுக்குக் கறுப்பு என்றேன். "சிவப்பு வெள்ளக் கோடு, நீல ஷார்ட்ஸ். அட்லெடிகோதானே சார்? ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். அவர் சொன்னது தவறுதான் என்றாலும், அந்தத் தவறுக்குள் நூறு ஆண்டுக்கு முந்தைய உண்மை ஒன்று இருக்கிறது. பில்பாவோவுக்குக் கால்பந்தைக் கொண்டுவந்தவர்கள் அங்கே கப்பல் பட்டறைகளிலும் சுரங்கங்களிலும் வேலை பார்க்க வந்த ஆங்கிலேயர்களும், இங்கிலாந்தில் படித்துவிட்டு ஊர் திரும்பிய உள்ளூர் மாணவர்களும். கிளப் தன் பிறந்த ஆண்டாகக் கொள்வது 1898. மாட்ரிட்டில் படித்துக்கொண்டிருந்த பாஸ்க் மாணவர்கள் 1903இல் அதற்கு ஒரு கிளையைத் தொடங்கினார்கள். பிற்பாடு தனியாகப் பிரிந்து இன்றைய அட்லெடிகோ மாட்ரிட் ஆனது அந்தக் கிளைதான். தொடக்கத்தில் இரண்டு அணிகளுக்குமே நீலமும் வெள்ளையும்தான் நிறம். 1909ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குப் போன ஹுவான் எலோர்துய் என்பவரிடம், பிளாக்பர்ன் அணியினர் அணிவது போன்ற நீல வெள்ளைச் சட்டைகளை வாங்கிவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தேவையான அளவுக்குக் கிடைக்காமல், வெறுங்கையோடு திரும்பவும் மனமில்லாமல், சவுத்தாம்டன் துறைமுகத்தில் கப்பல் ஏறுவதற்கு முன் அந்த ஊர் அணியின் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டைகள் 50ஐ அவர் வாங்கி வந்தார். பில்பாவோ நகரத்தின் கொடியும் அதே நிறங்கள் என்பதால் ஊரில் யாரும் முகம் சுளிக்கவில்லை. சட்டைகளில் ஒரு பங்கு மாட்ரிட்டுக்குப் போனது. அவர்கள் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு பழைய நீல ஷார்ட்ஸையே தொடர்ந்து அணிந்தார்கள். பில்பாவோ கறுப்புக்கு மாறிக்கொண்டது.

இதில் கால் பங்கைத்தான் தம்பியிடம் சொல்லியிருப்பேன். அதற்குள் கிரிக்கெட் பேடு கேட்டு நான்கு பேர் வந்துவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்துக் கறுப்பு ஷார்ட்ஸ் வந்தது. அது வேறோர் அணியின் செட்டிலிருந்து பிரித்தெடுத்தது என்பது இடுப்பில் ஓடிய பச்சை நாடாவிலேயே தெரிந்தது.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. மார்பில் இருக்கும் கிளப் சின்னம் எம்ப்ராய்டரி செய்து ஒட்டிய துண்டு, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. பில்பாவோவின் சான் அந்தோன் பாலமும் தேவாலயமும், நகரச் சின்னத்தின் இரண்டு ஓநாய்களும், பாஸ்க் மக்கள் தங்கள் பழைய உரிமைகளின் அடையாளமாகப் போற்றும் கெர்னிகா ஓக் மரமும் அதில் இருக்க வேண்டும். மரம் மரமாகவே இருக்கிறது. ஓநாய்கள் இரண்டு மைத்துளிகளாகிவிட்டன. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, சின்னத்தின் மேல் 'அட்லெடிகோ பில்பாவோ' என்று தைத்திருந்ததுதான். உள்நாட்டுப் போரில் வென்று ஆட்சியைப் பிடித்த பிராங்கோவின் அரசு, ஸ்பானிய மொழி அல்லாத பெயர்களைக் கிளப்புகள் வைத்திருக்கக் கூடாது என்று கட்டளையிட்டதால், 'அத்லெடிக்' என்ற ஆங்கிலப் பெயரை 1941இல் 'அட்லெடிகோ' என்று மாற்ற வேண்டியதாயிற்று. தன் பழைய பெயரை கிளப் திரும்பப் பெற்றது 1972இல். ஆக, 1984 என்று விற்கப்படும் ஜெர்சியில் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே கழற்றி எறியப்பட்ட பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அட்டையில் 1950 என்று எழுதியிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். இந்த கிளப்பின் பழைய கோல் வேட்டைக்காரர் தெல்மோ சர்ரா தன் லீக் கோல்களில் பெரும்பாலானவற்றை அடித்தது அந்தத் திணிக்கப்பட்ட பெயரின் கீழ்தான். அவருடைய மொத்தக் கணக்கு 251. அந்தச் சாதனையை 2014 நவம்பரில் மெஸ்ஸி கடக்கும் வரை ஸ்பெயின் லீக்கில் யாராலும் முறியடிக்க முடியவில்லை.

கடைக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. மார்பில் விளம்பரம் எதுவும் இல்லை, அது மிகச் சரி. 2008 வரை அத்லெடிக் தன் லீக் ஜெர்சியில் எந்த நிறுவனத்தின் பெயரையும் போட்டதில்லை. அதே கம்பியில் தொங்கிய வேறு இரண்டு 'ரெட்ரோ' ஜெர்சிகளில் அந்தக் காலத்துக்குப் பொருந்தாத விளம்பரங்களைப் பார்த்தேன் என்பதால், இது தெரிந்து செய்ததா, அச்சுக்கூலியை மிச்சம் பிடித்ததா என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை.

1984 என்ற ஆண்டைத் தேர்ந்தெடுத்தவருக்கும் ஒரு கும்பிடு போட வேண்டும். ஹவியர் கிளெமென்தே பயிற்சியாளராக இருந்த அணி 1983இல் கடைசி நாள் ஆட்டத்தில் ரியல் மாட்ரிட்டை முந்தி லீக் பட்டத்தை வென்றது. அடுத்த ஆண்டு லீக்கையும் ஸ்பெயின் கோப்பையையும் சேர்த்தே வென்றது. கோப்பை இறுதி ஆட்டத்தில் பார்சலோனாவை 1-0 என்று தோற்கடித்ததும் மைதானத்திலேயே அடிதடி மூண்டது. மரடோனா பார்சலோனாவுக்காக ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். அந்த இரண்டு ஆண்டுகளிலும் அணியினர் கோப்பைகளோடு 'கபார்ரா' என்ற சரக்குப் படகில் ஏறி, பில்பாவோவின் ஆற்று வழியாக ஊருக்குள் வந்தார்கள். இரு கரைகளிலும் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். நம் ஊரில் தேர் பார்க்க மாடியிலும் மதிலிலும் ஏறி நிற்பதைப் போலக் கிரேன்கள் மீதும் ஏறி நின்றார்கள். பிறகு அந்தப் படகுக்கு நாற்பது ஆண்டு வேலையில்லாமல் போயிற்று. இடையில் கோப்பை இறுதி ஆட்டங்களில் ஆறு முறை தோல்வி. அவற்றில் இரண்டு 2021 ஏப்ரலில் இரண்டே வார இடைவெளியில் வந்தவை. 2024 ஏப்ரல் 6 அன்று செவில்லே நகரில் மயோர்காவைப் பெனால்ட்டியில் வென்ற பிறகுதான் கபார்ரா மறுபடியும் ஆற்றில் இறங்கியது. எங்களுக்கு அந்த ஆட்டம் முடிந்தபோது விடியற்காலை நான்கு மணியைத் தாண்டிவிட்டது. பெரம்பூர் வீட்டில் கைபேசியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு விழித்திருந்தோம்.

அக்கா மகன் முதுகில் 'வில்லியம்ஸ்' என்று பெயர் போடக் கேட்டான். பெயரும் எண்ணும் ஒட்டித்தர 120 ரூபாய். 1984இல் ஜெர்சியின் முதுகில் ஆட்டக்காரரின் பெயர் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன், அவன் கேட்கவில்லை. அவன் ஆசையும் நியாயமானதுதான். பாஸ்க் நாட்டில் பிறந்தவர்களையோ அங்கே ஆட்டம் கற்று வளர்ந்தவர்களையோ மட்டுமே சேர்ப்பது என்ற எழுதாத விதியை அத்லெடிக் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காப்பாற்றி வருகிறது. லீக் 1929இல் தொடங்கிய நாள் முதல் முதல் பிரிவிலிருந்து ஒருமுறைகூடக் கீழே இறங்காத மூன்று கிளப்புகளில் இரண்டு, உலகம் முழுவதும் பணத்தை இறைத்து ஆள் எடுக்கும் ரியல் மாட்ரிட்டும் பார்சலோனாவும், மூன்றாவது இது. அத்லெடிக் ஆட்டக்காரர் இன்யாகி வில்லியம்ஸின் பெற்றோர் கானாவிலிருந்து சகாரா பாலைவனத்தைக் கடந்து ஸ்பெயினுக்கு வந்தவர்கள். அவர் பில்பாவோவிலும் தம்பி நிக்கோ பாம்ப்லோனாவிலும் பிறந்ததால் இருவரும் அந்த விதிக்குள் வருகிறார்கள். விதி கேட்பது ரத்தத்தையா ஊரையா என்று பழைய தலைமுறை ரசிகர்களைக் கேட்டால் முன்பு வேறு பதில் வந்திருக்கலாம். இன்யாகி 2016 முதல் 2023 வரை தொடர்ந்து 251 லீக் ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஆடியிருக்கிறார். நான்கு தெருப் பையன்களைக் கொண்டே அணி கட்டிப் பழகிய வியாசர்பாடியில் இந்தக் கதையை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெயரை ஒட்டிய வேலை சுத்தமாக இருக்கிறது. மூன்று ஆட்டங்களுக்குப் பிறகும் ஓர் எழுத்தின் ஓரம்கூடக் கிளம்பவில்லை.

சின்னத்தை மாற்றித் தரக் கேட்டு மறு வாரம் போனேன். முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதை உற்றுப் பார்த்தார். ஐம்பது துண்டு மொத்தமாக வந்தது, வேறு இல்லை என்றார். பணத்தைத் திருப்பித் தர மறுத்தாலும், மேல் வரியை மட்டும் பிரித்தெடுத்துத் தருவதாகச் சொல்லி, தையல்காரரிடம் கொடுத்துக் கால் மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார், கூலி வாங்கவில்லை. இப்போது அந்த இடத்தில் ஊசி போன தடம் மட்டும் இருக்கிறது. வாங்க நினைப்பவர்கள் கறுப்பு ஷார்ட்ஸை வாய்விட்டுக் கேளுங்கள், விலாத் தையலை வெளிச்சத்தில் பாருங்கள், சின்னத்தின் மேல் வரியை அங்கேயே பிரிக்கச் சொல்லுங்கள். நான் கிளம்பும்போது தம்பி கம்பியில் இருந்த அட்டையில் 1984ஐ அடித்துவிட்டு 1950 என்று எழுதிக்கொண்டிருந்தார். விலையையும் 480இலிருந்து 550 ஆக்கியிருந்தார். பழைய ஜெர்சி அல்லவா சார் என்றார்.