மூன்று வருடம், நான்கு கடிகாரம்: நெல்லைச் சீமையில் முனைவர் பட்டத்துக்கு எந்தத் துறை?

திருநெல்வேலி சந்திப்பை மையமாக வைத்து ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஆய்வுகள் அதற்குள் நடப்பது தெரியும். 1990இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அபிஷேகப்பட்டியில்; அங்கே குற்றவியலுக்கென்று தனித் துறை. அதன் சுற்றுச்சூழல் மையம் ஆழ்வார்குறிச்சியில். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல். கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம். கிழக்கே போனால் ஆதிச்சநல்லூர், சிவகளை தொல்லியல் களங்கள்.

எம்.ஏ.வோ எம்.எஸ்ஸியோ பாதி வழியை அடைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் சூழலியல் படித்தவர் ஆற்றங்கரைச் சடங்கை எடுக்கிறார், இயற்பியல் படித்தவர் வானிலைக்குப் போகிறார், சமூகவியல் படித்தவர் சிறைக்குப் போகிறார். அப்படித் தடுமாறும்போது "எது பிடிக்கும்" என்பதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: தரவு யார் கையில் இருக்கிறது, அது வருடத்தில் எந்த மாதம் கிடைக்கும்? பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி குறைந்தது மூன்று வருடம், பதிவிலிருந்து அதிகபட்சம் ஆறு வருடம். பெண்களுக்கும் நாற்பது சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக இரண்டு வருடம். ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கியவருக்கு மாதம் 37,000 ரூபாய் வரும். வாங்காதவருக்கு ஒவ்வொரு மாதத் தாமதமும் சொந்தக் காசு.

முதலில் ஆறு. தாமிரபரணி நீர்த்தர ஆய்வு எளிது என்று பலர் நினைத்து இறங்குகிறார்கள்: பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, கொக்கிரகுளம், ஸ்ரீவைகுண்டம் என்று ஐந்து இடம், மாதம் ஒரு முறை பாட்டில், அவ்வளவுதானே? சிக்கல் அணையில் இருக்கிறது. கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களுக்கும் தண்ணீர் திறந்தால் ஆறு வேறு, மூடினால் வேறு. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் தண்ணீரைக் கால்வாய்களுக்குப் பிரிக்கின்றன. நீரோட்ட அளவைக் குறிக்காமல் "ஜூனில் மாசு குறைந்தது" என்று எழுதினால், வாய்மொழித் தேர்வில் வரும் முதல் கேள்வியே "குறைந்தது மாசா, கூடியது தண்ணீரா?" என்பதாகத்தான் இருக்கும். நீர்வளத் துறையின் தினசரி திறப்பு அளவை முதல் மாதத்திலிருந்தே வாங்கி வையுங்கள்.

பாட்டிலுக்கும் நேரம் உண்டு. கரைந்த ஆக்சிஜனை ஆற்றங்கரையிலேயே மாறாதபடி கட்டிப் போட வேண்டும்: 300 மி.லி. பாட்டிலைக் குமிழி இல்லாமல் நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடு-அசைடும் தலா 2 மி.லி., பிப்பெட் முனை தண்ணீருக்குள் இருக்கும்படி விட்டு, மூடிக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் அந்த இடத்தில் ஆறு மூச்சடைத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். பாசி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் இழுக்கும். அதனால் பாபநாசத்தில் காலை ஏழு மணிக்கும் ஸ்ரீவைகுண்டத்தில் பிற்பகல் மூன்று மணிக்கும் எடுத்த எண்களை ஒப்பிடுவதில் பயனில்லை. இரண்டு பேர், இரண்டு வண்டி, அல்லது ஒரே இடத்தில் ஒரே நேரம் என்று மாதாமாதம் பிடிவாதமாக நிற்பது.

பிஓடி, அதாவது அழுக்கைச் செரிக்க நுண்ணுயிர்கள் இழுக்கும் ஆக்சிஜனின் அளவு, நம் நாட்டுத் தரப்படி 27 டிகிரியில் மூன்று நாள். திங்கள் எடுத்தால் வியாழன், செவ்வாய் எடுத்தால் வெள்ளி. வியாழக்கிழமை எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை பூட்டிய ஆய்வகத்துக்கு முன்னால் நிற்க வேண்டியதுதான். மாநகரச் சாக்கடை கலக்கும் இடத்து நீரை நீர்த்தல் செய்யாமல் வைத்தால் மூன்றாம் நாளுக்குள் ஆக்சிஜன் பூஜ்யமாகி அளவே கிடைக்காது. கடைசியில் லிட்டருக்கு 1 மி.கி.யாவது மிஞ்சியிருக்க வேண்டும், 2 மி.கி.யாவது குறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த எண்ணைத் தூக்கிப் போடுங்கள். இதற்கெல்லாம் மேலே வெள்ளம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது ஆற்றுப் படுகையே இடம் மாறியது. படுகைப் பூச்சிகளையும் புழுக்களையும் எண்ணும் ஆய்வென்றால் வெள்ளத்துக்கு முன், பின் என்று இரண்டாகத்தான் எழுத முடியும்.

அடுத்து வில்லுப்பாட்டு. ஆற்றுக்கு மாதம் ஒரு வாய்ப்பு என்றால், வில்லுப்பாட்டு நடக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருடத்தில் ஒரே வாய்ப்பு, சில ஊர்களில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒன்று. சித்திரையிலிருந்து ஆடி வரை நெருக்கடி. ஒரே வெள்ளிக்கிழமை நான்கு ஊர்களில் கொடை விழும். வரி பிரிப்பதில் இரண்டு தரப்புக்குத் தகராறு வந்து, தாலுகா ஆபீஸில் அமைதிப் பேச்சுவார்த்தைக்குப் போனால் அந்த வருடம் கொடையே நின்றுவிடும். அந்த ஒரு கோயிலை நம்பி இயல் பிரித்தவர் பாடு திண்டாட்டம். குறைந்தது மூன்று கோயில், அதிலும் ஒன்றாவது வேறு சமூகத்துக் கோயில், என்று திட்டமிடுவது நல்லது.

ஒலிப்பதிவில் வழக்கமான கோளாறு ஒன்று: குழாய் ஸ்பீக்கருக்கு நேரே கருவியை வைப்பது. உடுக்கும் குடமும் ஏறும் இடத்தில் ஒலி வெட்டுப்பட்டு, தெய்வத்தை வரவழைக்கும் வரத்துப்பாட்டின் சொற்களே கேட்காது. உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவைக் குறைத்து, ஒரு கருவியைப் பாட்டுப் பந்தலுக்குள் இடத்தே (இடப்பக்கம்) பாடுபவர் பக்கம் வையுங்கள். இன்னொன்று கூட்டத்தில் இருக்கட்டும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ என்றால் மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி. விடிய விடிய நடக்கும் கதைக்கு அட்டையும் பேட்டரியும் இரட்டிப்பாக வேண்டும். கோமரத்தாடிக்கு (சாமியாடிக்கு) அருள் வரும் நேரத்தில் முகத்துக்கு நேரே விளக்கடித்துப் படம் எடுத்தால், மறு வருடம் அந்த ஊருக்குள் கால் வைக்க முடியாது.

எழுத்துப்பெயர்ப்புதான் ஆளை விழுங்கும். ஒரு மணி நேரப் பாட்டை எழுதி முடிக்க ஒரு முழு நாள் போய்விடும். பாட்டில் கொலையுண்டு தெய்வமானவர்களின் கதைகள் ஏராளம். கொன்றவர் வீட்டு வாரிசுகள் அதே தெருவில் இருப்பார்கள். அண்ணாவி (தலைமைப் பாடகர்) பாடியதை அப்படியே அச்சிடலாமா, சாதிப் பெயரை என்ன செய்வது என்பதை ஊர்க்காரர்களோடும் நெறியாளரோடும் முதல் வருடமே பேசி முடிவெடுக்க வேண்டும். எங்கள் கணிப்பில் இந்த வட்டத்துக்குள் வேறெங்கும் கிடைக்காத புதுச் சரக்கு இங்கேதான் அதிகம். நேரத்துக்கு முடியாமல் போகும் வாய்ப்பும் இங்கேதான் அதிகம். நா. வானமாமலை நடத்திய நெல்லை ஆய்வுக் குழு திறந்த பாதையில் எத்தனையோ பேர் நடந்துவிட்டார்கள். ஆனாலும் பாடுகிறவர்கள் குறைந்துகொண்டே வருவதால், இன்று பதிவு செய்யாதது நாளைக்கு இல்லை.

இதற்கு நேர் எதிர் காந்தம். பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகே போகிறது. அதனால் சுமார் 105 கி.மீ. உயரத்தில் பகலில் ஓடும் மின்னோட்டத்தை இங்கிருந்து தரைக் கருவியால் அளக்கலாம். பெரு நாட்டில் லிமாவுக்கு அருகே ஹிகாமார்காவுக்கும் இதே யோகம். நிமிடத்துக்கு ஒரு அளவு என்றால் வருடத்துக்கு 5,25,600 வரிகள், பல வருடங்களுக்குச் சேர்ந்து கிடக்கின்றன. முறையும் நேரானது: திருநெல்வேலியில் காந்தப்புலத்தின் கிடைக்கூறு ஏறும் அளவிலிருந்து, நடுக்கோட்டை விட்டுத் தள்ளி இருக்கும் அலிபாக்கின் ஏற்றத்தைக் கழித்தால் மிஞ்சுவது மின்னோட்டத்தின் பங்கு. (மும்பை கொலாபாவில் இருந்த காந்த ஆய்வகம் அலிபாக்குக்குப் போனதே மின்சார டிராம் தொந்தரவால்தான்.)

சறுக்குவது நேரக் கணக்கில். தரவு உலக நேரத்தில் இருக்கும். கடிகாரத்தில் ஓடுவது இந்திய நேரம். சூரியன் உச்சிக்கு வருவதோ இங்கே சராசரியாகப் பகல் 12.19க்கு, உலக நேரப்படி 6.49. இந்த இடைவெளியை விட்டுவிட்டால் உச்சம் எப்போது என்ற வரைபடமே பிசகிவிடும். அமைதி நாள்களின் நள்ளிரவு அளவை அடித்தளமாக எடுக்காமல், புயல் நாளையும் சேர்த்துச் சராசரி போடுவது இரண்டாவது பிசகு. 2024 மே 10-11 காந்தப் புயலைத் தலைப்பாக எடுக்க வேண்டாம். புயலின் வலுவைக் காட்டும் டிஎஸ்டி குறியீடு மைனஸ் 400 நானோடெஸ்லாவைத் தாண்டிய அந்த இரவை உலகமே எழுதிக்கொண்டிருக்கிறது. ஆண்டு கணக்கில் யாரும் தொடாத சாதாரணப் பிற்பகல்களில் மின்னோட்டம் திசை திரும்பும் நாள்களைத் தேடுவது மேல். உதவித்தொகை இல்லாமல் மூன்று வருடத்தில் முடித்தாக வேண்டியவருக்கு இந்தத் துறைதான் பாதுகாப்பு. வெயிலில் அலைய வேண்டாம், நிரல் எழுதத் தெரிய வேண்டும்.

குற்றவியலில் தரவு காவல்துறை, நீதிமன்றம், சிறை என்று மூன்று பூட்டுக்குள். எஃப்ஐஆர்களை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னாலும், பாலியல் குற்றம் போன்றவை வராது. வந்ததை மட்டும் எண்ணி விகிதம் போட்டால் தப்பு. தேசியக் குற்றப் பதிவேட்டில் ஒரு வழக்கில் ஐந்து குற்றம் இருந்தாலும் மிகப் பெரியது ஒன்றுதான் கணக்கில் வரும். கொலையோடு சேர்ந்த கொள்ளை, கொள்ளையில் தெரியாது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததால், கொலைக்கு 302 இல்லை, 103(1). மோசடிக்கு 420 இல்லை, 318(4). பிரிவு எண்ணை வைத்துத் தேடினால் அந்த மாதத்தோடு குற்றமே ஒழிந்தது போலத் தெரியும். பாளையங்கோட்டை மத்திய சிறையில் நேர்காணல் என்றால் சென்னைத் தலைமையகத்தின் அனுமதியும், அறநெறிக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். வார்டர் பக்கத்தில் நின்றால் பதில்கள் எல்லாம் ஒரே அச்சில் வரும்.

தொல்லியலை ஆசையோடு கேட்பவர்களுக்கு ஒரு வரி: ஆய்வு மாணவர் தன் பெயரில் குழி தோண்ட முடியாது, அனுமதி நிறுவனத்துக்குத்தான். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை ஆதிச்சநல்லூரில் எடுத்தவையும் இப்போது வெளிவந்த பானையோடுகளும்தான் உங்கள் களம். காலக்கணிப்பில் மரக்கரியைவிட நெல் உமி நம்பகம். மரத்தின் உள்வளையம் ஈமச்சடங்குக்கு நூறு வருடம் மூத்ததாக இருக்கலாம், உமி அந்த வருடத்து விளைச்சல். சிவகளை முதுமக்கள் தாழியின் கி.மு. 1155 என்ற கணிப்பு உமியில் வந்தது என்பதால்தான் அதற்கு அந்த எடை.

பதிவு மாதமும் கணக்கில் வரட்டும். ஜூலையில் சேர்ந்தால் பாடநெறி டிசம்பரில் முடியும். ஜனவரியில் ஆற்றில் இறங்கலாம், சித்திரைக் கொடைக்கும் தயாராகலாம். ஜனவரியில் சேர்ந்தவர் அந்த வருடக் கொடையை வகுப்பறையில் உட்கார்ந்தபடி தவற விடுவார். காந்தத்துக்கு எந்த மாதமும் ஒன்றே. முண்டந்துறைக் காட்டுக்குள் மாதிரி எடுக்கவும் சிறைக்குள் போகவும் விண்ணப்பங்களைப் பாடநெறி நடக்கும்போதே அனுப்பிவிடுங்கள், நகலில் ஒப்புகை முத்திரை வாங்கி.