பாதியில் நின்ற பத்மினிக்குப் புதுப்பேட்டை எவ்வளவு உதவும்?

பழைய காரைப் பிரித்துப் போட்டுவிட்டு, டிங்கரிங் பாதியில் நிற்க, தார்ப்பாய் போர்த்தி வைத்திருப்பவர்கள் சென்னையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பணத்தட்டுப்பாடு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் வேறு. வண்டியைப் பிரிப்பது சில நாளில் முடிந்துவிடும். அதன்பிறகு மாதக்கணக்கில் "இது முடிந்தது" என்று எடுத்துக் காட்ட ஒரு சாமான்கூடக் கையில் இருக்காது. மனசு விட்டுப்போவது அங்கேதான்.

அப்படி நின்றுபோன வண்டிக்கு, சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை கைகொடுக்குமா என்றால், கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய சாமான்களுக்கு அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை. பாடி வேலைக்கும் முழு வண்டியை ஒப்படைப்பதற்கும் சரிப்படாது. இந்த விமர்சனம் பிரீமியர் பத்மினி காரை வைத்து எழுதப்பட்டது. அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே, கூவத்தை ஒட்டி ஆதித்தனார் சாலையிலும் அதன் கிளைச் சந்துகளிலும் பரந்து கிடப்பதுதான் புதுப்பேட்டை. காயலாங்கடைகள், பழைய ஸ்பேர் பிரித்து விற்பவர்கள், லேத், ஆர்மேச்சர் வேலை (மோட்டார், டைனமோ பழுது பார்ப்பது), ரேடியேட்டர் பட்டறை எல்லாம் நடக்கிற தூரத்துக்குள் இருக்கின்றன. சீட் கவர், பீடிங் (ஓர ரப்பர் பட்டை), விளக்கு, மேட் போன்றவற்றுக்கு அண்ணா சாலைப் பக்கம் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. இரண்டும் ஒரே நாளில் பார்க்கக்கூடியவை.

பத்மினிக்காரர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. 1964ல் ஃபியட் 1100 டிலைட்டாக வந்த அந்த வடிவம் 2000 வரை தயாரிப்பில் இருந்ததால், சஸ்பென்ஷன், பிரேக், எஞ்சின் சாமான்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. 2014 வரை வந்த அம்பாசடருக்குச் சொல்லவே வேண்டாம். ஹெரால்டுதான் சிரமம். நம்ம ஊரிலேயே தயாரான வண்டி அது, ஆனாலும் சாமான் கிடைப்பது அரிது. அதன் அடிப்படை ட்ரையம்ஃப் என்பதால் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். புதுப்பேட்டையை மட்டும் நம்பியிருந்தால் அந்த வண்டி நகராது.

நின்றுபோன வண்டிக்கு எந்த வேலையை முதலில் எடுப்பது என்பதுதான் முக்கியம். முடித்த பிறகு ஆறு மாதம் அலமாரியில் கிடந்தாலும் கெடாத வேலையாக அது இருக்க வேண்டும். ஸெல்ஃப் மோட்டார், டைனமோ, வைப்பர் மோட்டார், கார்புரேட்டர், மீட்டர் கிளஸ்டர் ஆகியவை அந்த ரகம். டயர், பேட்டரி, கதவு ரப்பர், கடைசி கோட் பெயின்ட் எல்லாம் காத்திருக்கும்போதே வயதாகிற ரகம். உற்சாகத்தில் இவற்றை முதலில் வாங்கி வைத்தவர்களுக்கு, வண்டி ரோட்டுக்கு வரும்போது திரும்பவும் வாங்க வேண்டி வருகிறது.

ஆர்மேச்சர் கடைகளை மனதாரப் பாராட்டலாம். ஸெல்ஃப் மோட்டாரைக் கொடுத்தால் பெரும்பாலும் அன்றே முடித்துத் தருகிறார்கள். கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். புஷ் (ஷாஃப்ட் சுழலும் வளையம்) இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். வெண்கலப் புஷ் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் வகை என்பதால், அதை ஒரு ராத்திரி மெல்லிய ஆயிலில் ஊறவைத்துத்தான் அடிக்க வேண்டும். புதுப் புஷ்ஷை நீங்களே வாங்கி ஊறவைத்துக் கொண்டுபோவது நல்லது, கடையில் அதற்கு நேரம் இருக்காது. மூன்றாவது, கொடுப்பது டைனமோ என்றால், கம்யூட்டேட்டரை (கார்பன் பிரஷ் உரசும் செம்பு உருளை) லேத்தில் தேய்த்தபின் செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்காவைக் கீழே வெட்டி இறக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் கார்பன் பிரஷ் துள்ளி, தீப்பொறி பறந்து, சீக்கிரமே தேய்ந்துவிடும். டைனமோ உள்ள பழைய வண்டியென்றால் கடையிலேயே சோதனை செய்யச் சொல்லுங்கள். D, F இரண்டு முனையையும் சேர்த்து 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்தால் டைனமோ மோட்டார் போலச் சீராகச் சுற்ற வேண்டும். நின்று நின்று சுற்றினால் வேலை முடியவில்லை என்று அர்த்தம், வாங்காதீர்கள்.

கார்புரேட்டர் வேலையில் அவ்வளவு நம்பிக்கை வைக்க முடியாது. நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் "பிக்கப் நல்லா வரும் சார்" என்று சொல்லி ஜெட்டை (பெட்ரோல் பாயும் சிறு துளை கொண்ட திருகு) கம்பி விட்டுப் பெரிதாக்கும் பழக்கமும் இருக்கிறது. ஒவ்வொரு ஜெட்டிலும் அதன் அளவு எண் பொறித்திருக்கும். கொடுக்கும் முன் எண் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வாங்கும்போது ஒப்பிட்டுப் பாருங்கள். ஜெட்டையே மாற்றியிருந்தால் அதில் தெரிந்துவிடும். ஆனால் துளையை மட்டும் பெரிதாக்கியிருந்தால் எண் மாறாது, பெட்ரோல் குடிப்பது மட்டும் மாறும். அதனால் ஜெட்டுகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டு, பாடியை மட்டும் கொடுப்பதே உத்தமம். த்ராட்டில் ஷாஃப்ட் ஆடுகிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் அந்த வழியாகக் காற்று இழுக்கும், ஐடிலிங் ஒருநாளும் சீராக நிற்காது. ஷாஃப்டுக்குப் புஷ் அடித்துத் தருவது லேத்துக்காரர் வேலை, கார்புரேட்டர் கடை வேலை இல்லை. ஃப்ளோட்டை (மிதவை) சுடுதண்ணீரில் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். ஃப்ளான்ஜ் (எஞ்சினோடு பொருந்தும் தட்டை விளிம்பு) வளைந்திருந்தால் கண்ணாடித் தகட்டின் மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பர் (உப்புத்தாள்) விரித்து, எட்டு எழுதுவதுபோல் தேய்த்துச் சமமாக்கலாம்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வகை ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் எல்லாம் அதில் உப்பி, இளகிப்போகும். டேங்க்கில் பல வருடமாகப் படிந்த பிசினையும் அது கரைத்துக் கொண்டுவந்து ஜெட்டில் அடைக்கும். எனவே எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் தயங்கினால் ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எதுவும் அச்சிடாத கறுப்புக் குழாய் வேண்டாம்.

இப்படி இரண்டு மூன்று சாமான் முடிந்து அலமாரியில் வரிசையாக உட்கார்ந்த பிறகு, அடுத்த இலக்கு வண்டியை உருள வைப்பது. சக்கரத்தில் நிற்கும் பாடியைத் தள்ளிக் கழுவலாம், பட்டறைக்கு இழுத்துப் போகலாம். கட்டையின் மேல் நிற்கும் பாடியை ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது. பத்மினியில் நான்கு பக்கமும் டிரம் பிரேக். வீல் சிலிண்டர்களைக் கழற்றிப் புதுப்பேட்டைக்குக் கொண்டுபோனால் ஹோனிங் (உள்சுவரைத் தேய்த்து வழவழப்பாக்குவது) செய்து தருவார்கள். உள்சுவரில் நகம் மாட்டும்படி குழி இருந்தால் ஹோனிங் போதாது. ஸ்லீவ் (உட்குழாய்) போட வேண்டும் அல்லது புது சிலிண்டர் வாங்க வேண்டும். ரப்பர் கிட்டைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவ யாரையும் விடாதீர்கள், ஒரே நாளில் உப்பிவிடும். பிரேக் ஆயிலில் நனைத்துத்தான் மாட்ட வேண்டும். சிஸ்டத்தில் பிரேக் ஆயில் ஊற்றுவதை மட்டும் வண்டி ஓடும் சமயம் வரை தள்ளிப்போடுங்கள். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். கடற்கரை ஊரில் ஓடாமல் நிற்கும் வண்டியில், அந்த ஈரமே புதிதாக ஹோன் செய்த சுவரை மறுபடியும் அரிக்கும்.

எஞ்சின் வேலைக்கும் இதே நியாயம்தான். பாடி எப்போது முடியும் என்று தெரியாமல் ரீபோருக்கு (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்குவது) கொடுக்காதீர்கள். புதிதாகப் போர் செய்த சுவர் நம்ம ஊர் ஈரத்தில் எளிதில் துருப்பிடிக்கும். கொடுக்கும் நேரம் வந்தால், 68 மில்லிமீட்டர் போரும் (துளையின் விட்டம்) 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட இந்த 1089 சிசி எஞ்சினுக்கு முதலில் ஓவர்சைஸ் பிஸ்டன் செட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, அந்தப் பிஸ்டனை அளந்து போர் செய்யச் சொல்லுங்கள். போர் செய்துவிட்டுப் பிஸ்டன் தேடி அலைந்தால், அந்த சைஸ் கிடைக்காமல் அடுத்த சைஸுக்கு மறுபடியும் வெட்ட வேண்டியிருக்கும். பிளாக் திரும்பி வந்ததும் ரிங்கை மட்டும் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, முனை இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். லேத்துக்காரர்கள் சொல்லும் பொதுக்கணக்கு, போரின் ஒரு அங்குலத்துக்கு 4 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இந்த எஞ்சினுக்கு அது சுமார் 0.27 மில்லிமீட்டர். அதைவிடக் குறைந்தால் சூட்டில் ரிங் முனைகள் முட்டி உடையும்.

எஞ்சின் ஹெட் அலுமினியம். பல வருடம் வெறும் தண்ணீரில் ஓடியிருந்தால் தண்ணீர் துவாரங்களின் ஓரம் அரித்திருக்கும். அரித்த இடத்தை வெல்டிங் செய்து நிரப்பிய பிறகுதான் ஃபேஸிங் (அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது) கொடுக்க வேண்டும். அரிப்பை அப்படியே விட்டு ஃபேஸிங் மட்டும் செய்து கொடுத்தால் கேஸ்கெட் மறுபடி போகும். இந்த இடத்தில் மட்டும் கூலி அதிகம் கேட்டாலும் கொடுக்கலாம்.

நட்டு போல்ட் விஷயத்தில் புதுப்பேட்டைமேல் ஒரு குறை உண்டு. பத்மினி மெட்ரிக் மரை. ஹெரால்டும், பிரிட்டிஷ் பிஎம்சி வழி எஞ்சின் உள்ள அம்பாசடரும் அங்குல மரை. 5/16 அங்குல போல்ட் 7.94 மில்லிமீட்டர், ஆகவே 8 மில்லிமீட்டர் போல்ட் முதல் ஒன்றிரண்டு சுற்று உள்ளே போவதுபோல் தெரியும். "மாட்டிக்கலாம் சார்" என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஸ்பானர் போட்டு இறுக்கினால் ஓட்டையின் மரை போய்விடும். போல்ட்டுக்குப் பாரிமுனைப் பக்கத் தெருக்களுக்குப் போய், மரை கேஜில் பார்த்து, ஹை டென்சில் என்று கேட்டு வாங்குங்கள்.

பாடி வேலையைப் புதுப்பேட்டைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம் என்பதற்குக் காரணம் இடம். சந்தில் நிறுத்தி மாதக்கணக்கில் வேலை பார்க்க அங்கே வசதி கிடையாது. அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் பிளாஸ்டிங் (மணல் போன்றதை வீசித் துருவை நீக்குவது), பவுடர் கோட்டிங் செய்யும் இடங்கள் இருக்கின்றன. சஸ்பென்ஷன் ஆர்ம், வீல், பிராக்கெட் இவற்றை அங்கே கொடுக்கலாம். பானெட், கதவுத் தகடுகளை மணல் பிளாஸ்டிங்குக்குக் கொடுத்தால் தகடு நெளியும். பத்மினிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் தாங்குகிறது. கதவுக்குக் கீழே இருக்கும் ஸில்லை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டினால் நடுவில் தொய்ந்து கதவு பிறகு மூடாது. உள்ளே குறுக்குக் குழாய் வெல்டிங் வைத்து, ஒரு பக்கம் முடித்த பின் மறுபக்கம் போக வேண்டும்.

பாதியில் நின்ற வண்டிகளில் அதிகம் பார்க்கும் சேதம் இன்னொன்று. சாம்பல் நிறப் பிரைமர் அடித்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த சர்ஃபேசர் வகைப் பிரைமர் நீரை உறிஞ்சும், அதன் கீழ் பள்ளத்தை நிரப்பியிருக்கும் பட்டியும் உறிஞ்சும். ஒரு ஐப்பசி கார்த்திகை தாண்டினால் உள்ளிருந்து துரு கொப்புளமாக வரும். தகடு வெள்ளையாகத் தெரிந்த அன்றே எபாக்ஸி பிரைமர் அடித்துவிடச் சொல்லுங்கள். வேலை சில மாதம் நின்றாலும் எபாக்ஸி தாங்கும்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பீடிங் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பழைய பீடிங்கில் ஒரு சாண் வெட்டிக் கொண்டுபோய் குறுக்குவெட்டை ஒப்பிட்டு வாங்குங்கள். சீட் தைப்பவர்கள் கைத்திறன் உள்ளவர்கள். பழைய தையல் கோட்டைக் காட்டினால் அப்படியே எடுத்துவிடுவார்கள். குரோமில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கதவுக் கைப்பிடி போன்ற வார்ப்புச் சாமான்களுக்குச் செம்பு, நிக்கல், குரோம் மூன்றும் வரிசையாகப் போட வேண்டும். செம்பைத் தவிர்த்தால் சீக்கிரமே உரியும்.

காகித வேலையும் வண்டியோடு நின்றுவிடக் கூடாது. ஆர்சி 15 வருடத்துக்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது, தாமதத்துக்கு மாதக் கணக்கில் அபராதம் ஏறும். கலர் மாற்றினாலும் எஞ்சின் மாற்றினாலும் ஆர்சியில் ஏற்ற வேண்டும். நம்பர் பொறித்த எஞ்சின் பிளாக்கைப் பில்லும் பழைய வண்டியின் ஆர்சி நகலும் இல்லாமல் புதுப்பேட்டையில் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு உண்டு. புதுப் பதிவுக் கட்டணம் ரூ. 20,000, பத்து வருடம் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது.

போகிற நாளில் ஒரே ஒரு சாமானுக்காகப் போங்கள், பழைய சாம்பிள் கையில் இருக்கட்டும். "பத்மினிக்கு வீல் சிலிண்டர்" என்று வாயால் கேட்டால் ஏதோ ஒன்று வரும். சாம்பிளை மேஜையில் வைத்தால் சரியானது வரும், இல்லாவிட்டால் "எதிர்க் கடையில பாருங்க அண்ணே" என்று நேர்மையாகச் சொல்லிவிடுவார்கள். சாமான் விலையையும் கூலியையும் தனித்தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், மாற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். ஞாயிறு பெரும்பாலான கடைகள் இருக்காது, வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் சில கடைகள் மூடியிருக்கும். கார் எடுத்துப் போக வேண்டாம், நிறுத்த இடம் கிடைக்காது. எழும்பூர் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். பதினொரு மணிக்குள் போய்ச் சேர்ந்தால், காலையில் கொடுத்த ஸெல்ஃப் மோட்டாரைச் சாயங்காலம் கையோடு வாங்கி வரலாம்.